பச்சிளங் குழந்தையின் இரத்தத்தில் தொற்று

பெரியவர்களுக்கு நோய் வந்தால் வாய்விட்டுச் சொல்வார்கள். காய்ச்சலும் காட்டிக் கொடுக்கும். பிறந்து 28 நாள் நிறையாத பச்சிளங் குழந்தைக்குப் பேச்சில்லை. சில வேளை காய்ச்சலும் வருவதில்லை. அதன் இரத்தத்தில் கிருமி புகுந்து உடலெங்கும் பரவும் நோயை 'செப்சிஸ்' என்பர். இதனைக் கண்டறிவது எவ்வாறு?

மருத்துவர் சுமார் 1 மில்லி லிட்டர் இரத்தம் எடுத்து, ஊட்டக் கரைசல் உள்ள குப்பியில் இட்டு, உடல் வெப்பநிலையில் வைத்துக் கிருமி வளர்கிறதா எனச் சோதிப்பார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை இச்சோதனை காட்டும். ஆயினும் முடிவு தெரிய ஓரிரு நாளாகும். கிருமி இருந்தும் வளராமற் போவதுமுண்டு. ஆகவே, அறிகுறி கண்டவுடன் இரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவர்.

அறிகுறிகளைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில், டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியரின் குழுவினர் 39 சிற்றூர்களில் பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். பால் குடிப்பது குறைதல், அழுகை மெலிதல், கைகால் துவளுதல், உடல் சில்லிடுதல் அல்லது சுடுதல், மார்பு உள்வாங்குதல், வயிறு உப்புதல், கொப்பூழில் சீழ் ஆகியவற்றைக் கொண்டு அப்பெண்கள் நோயறிந்து மருந்தளித்தனர். 1999-இல் வெளியான முடிவின்படி, செப்சிஸ் கண்ட குழந்தைகளின் இறப்பு 100-க்கு 16.6-இலிருந்து 2.8 ஆகக் குறைந்தது.

மாணவியரே! நம் சங்கரன்கோவிலிலோ சுற்றுச் சிற்றூர்களிலோ கைக்குழந்தை பாலை மறுத்துத் துவண்டால், "உரம் விழுந்திருக்கும்" என்று நாளைக் கடத்த விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லச் சொல்லுங்கள். முதலில் நோயறிய வேண்டியது வீட்டாரின் கண்களே.