நூலகத்திற்குக் கவிஞர் வரும்போது

செய்யுள் என்றதும் நம் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மனப்பாடப் பகுதியும் அதற்குரிய மதிப்பெண்ணும்தான். கவிஞர் என்பவர் எங்கோ, எப்போதோ வாழ்ந்தவர் என்ற எண்ணமும் அவர்களிடம் உண்டு. ஒரு கவிஞர் தம் கவிதையைத் தம் குரலிலேயே வாசிக்கக் கேட்டால் இந்த எண்ணம் மாறும். இதை விளக்க, அமெரிக்கக் கவிஞர் குவெண்டலின் புரூக்சைப் பற்றி வகுப்பில் நான் சொல்வதுண்டு.

1917இல் பிறந்த புரூக்ஸ், சிகாகோ நகரில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த தெற்குப் பகுதியில் வளர்ந்தார். அவருக்கு 16 வயதானபோது, கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்குள்ள தேவாலயம் ஒன்றுக்குக் கவிதை வாசிக்க வந்தார். மகளின் கவிதைகளுடன் தாயார் அவரை அழைத்துச் சென்றார். ஹியூஸ் அங்கேயே அவற்றைப் படித்துப் பார்த்து, தொடர்ந்து எழுதும்படி ஊக்கப்படுத்தினார். அந்தப் பெண்தான் 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர்.

அதே பகுதியில் 1932இல் ஜார்ஜ் கிளீவ்லாந்து ஹால் கிளை நூலகம் திறக்கப்பட்டது. அதன் நூலகர் விவியன் ஹார்ஷ், எழுத்தாளர்களை அழைத்து ஊர் மக்கள் முன் பேச வைத்தார். ஹியூஸும் புரூக்ஸும் அங்கே வந்தவர்களே. 1968இல் இல்லினாய் மாநிலக் கவிஞரான பிறகு, புரூக்ஸ் பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் சென்று கவிதை வாசித்தார். மாணவர் கவிதைப் போட்டிகளுக்குத் தம் சொந்தப் பணத்தில் பரிசளித்தார்.

அவருடைய ‘வீ ரியல் கூல்’ என்னும் சிறு கவிதை, பள்ளியை விட்டு விலகிய இளைஞர்கள் பேசுவதாக அமைந்தது. ‘நாங்கள்’ என்னும் பொருள் தரும் சொல், கடைசி வரி தவிர மற்ற வரிகளின் இறுதியில் வரும். அச்சொல்லை அவர் மெல்லத் தாழ்த்தி வாசிப்பார். வெளியே துணிச்சலாகப் பேசும் அந்த இளைஞர்களின் உள்ளே இருக்கும் ஐயம் அந்தத் தாழ்ந்த குரலில் புலப்படும். இதை அச்சில் காண்பது கடினம். காதால்தான் கேட்க வேண்டும்.

ஆகவே நம் ஊர்க் கிளை நூலகத்திற்குக் கவிஞர் ஒருவர் வரும்போது, மாணவர்களைக் கேட்பதற்கு ஆயத்தப்படுத்த வேண்டும். நான் பின்பற்றும் முறை இது:

முன்பு: அக்கவிஞரின் இரண்டு கவிதைகளை வகுப்பில் உரக்க வாசிப்பேன், பொருள் சொல்வதில்லை. “எத்தனை விருது வாங்கினீர்கள்?” என்பதற்கு மாறாக, “இந்த வரியை ஏன் இங்கே முடித்தீர்கள்?” என்பது போன்ற ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் எழுதி வர வேண்டும்.

நிகழ்வில்: குறிப்பெடுக்கச் சொல்வதில்லை. குரல் எங்கே தாழ்ந்தது, எங்கே நின்றது என்பதை மட்டும் கவனித்தால் போதும். தொடக்க வகுப்புக் குழந்தைகள் பிடித்த சொல் ஒன்றை நினைவில் வைத்து வந்தாலே போதுமானது.

பின்பு: மறுநாள் அதே கவிதையை மாணவர்கள் வாசிப்பார்கள். நிறுத்தும் இடத்தை மாற்றினால் பொருள் எப்படி மாறுகிறது என்று பேசுவோம். பிறகு தங்கள் தெருவைப் பற்றி நான்கு வரிகள் எழுதுவார்கள்.

இன்னொன்றும் முக்கியம். மாணவர் கவிதைகளுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்கும்படி நூலகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேடையேறக் கூச்சப்படும் பிள்ளை, எழுதிய தாளைக் கவிஞர் கையில் கொடுத்தால் போதும். அன்று ஹியூஸ் படித்ததும் அப்படி ஒரு சிறுமி எழுதி வைத்திருந்த தாள்களைத்தான்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். உங்கள் ஊர் நூலகரிடமும் வாசகர் வட்டத்தினரிடமும் இப்போதே பேசத் தொடங்கலாம்.