விவசாயம் படிக்கலாமா? செமினி மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"ஒழுங்கா படிக்கலன்னா தோட்டத்துக்குத்தான் போகணும்" என்று அதட்டி வளர்த்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பால்மரக் காட்டிலிருந்து வெளியேறத்தான் படிப்பு என்று நம்பிய வீட்டில், பிள்ளை விவசாயம் படிக்கிறேன் என்றால் அப்பாவுக்குப் பகீர் என்கிறது. இருந்தும் சிலர் அதைத்தான் தேடிப் போகிறார்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான யூபியு விண்ணப்பத்தைத் திறக்கும் முன் இந்தப் படிகளைக் கடந்து பாருங்கள்.

படி 1: காரணத்தைச் சொல்லிப் பாருங்கள்

பொதுவாக நான்கு காரணங்கள்: செடி கொடியின் அறிவியலில் ஆர்வம், தோட்ட நிர்வாகியாகும் ஆசை, சொந்தமாகப் பயிரிட்டு விற்கும் எண்ணம், கேட்ட படிப்பு கிடைக்காதது. கடைசிக் காரணத்தோடு வருவதில் தவறில்லை. ஆனால் உயிரியலும் வேதியியலும் பிடிக்காதவருக்கு இங்கும் நிம்மதி இல்லை.

படி 2: தோட்ட வேலை வேறு, விவசாயப் படிப்பு வேறு

ஒரு காலத்தில் செம்பனைப் பூக்களுக்கு ஆட்கள் மரத்துக்கு மரம் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள். ஆப்பிரிக்காவில் அதே வேலையை ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டு செய்வதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மற்றப் பயிர்களைக் கெடுக்காது என்று சோதித்த பிறகு, 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த அந்த வண்டுகளை மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். கையால் தூவும் வேலைக்குத் தேவையே இல்லாமல் போனது. படித்தவர் செய்யும் வேலை இந்த மாதிரியானது என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

படி 3: பக்கத்தில் என்ன இருக்கிறது?

செர்டாங்கில் 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 1997-இல் இந்தப் பெயரைப் பெற்றது. 1969-இல் அமைந்த மார்டி என்ற விவசாய ஆய்வுக் கழகமும் செர்டாங்கில்தான். செம்பனை வாரியம் பாங்கியில் இருக்கிறது. செமினியிலேயே நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி 2011-இல் தொடங்கிய ஆய்வு மையம், பம்பாரா நிலக்கடலை போன்ற கவனிப்பாரற்ற பயிர்களை ஆராய்ந்தது.

படி 4: காரணத்துக்கேற்ற பாடம்

ஆர்வம் அறிவியலில் என்றால் விவசாய அறிவியல். காய்கறி, பழம், பூச்செடி என்றால் தோட்டக்கலை. விலை, சந்தை, விநியோகம் என்றால் விவசாய வணிகம். தோட்ட நிர்வாகத்துக்குப் போகிறவர்கள், வேலையில் சேர்ந்தபின் 1919-இல் தோன்றிய தோட்ட நிர்வாகிகள் சங்கத்தின் தொழில்முறைத் தேர்வுகளையும் எழுதலாம். நுழைவுத் தகுதிகள் மாறக்கூடும். விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளையே பாருங்கள்.

படி 5: ஒரு நாள் வெயிலில் நில்லுங்கள்

தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கி ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போங்கள். சீக்கு வந்த மரம் எது என்று கேளுங்கள். கானோடெர்மா பூஞ்சை தாக்கிய மரமாக இருந்தால், உச்சியில் குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல நிற்கும். அடிமரத்தில் கட்டையான காளான் ஒட்டியிருக்கும்.

அதைப் பார்த்ததும் உங்களுக்குள் எழும் கேள்வியைக் கவனியுங்கள். "இது எப்படிப் பரவுது?" என்றால் அறிவியல் பக்கம் போங்கள். "இதனால எவ்வளவு நட்டம்?" என்றால் நிர்வாகம், வணிகம். "எப்ப வீட்டுக்குப் போகலாம்?" என்பது மட்டும்தான் தோன்றியது என்றால், யூபியுவில் முதல் தேர்வாக வேறொரு படிப்பைப் போடுங்கள்.