வெந்நீர்த் தொட்டிக்கு மின் இணைப்பு: வீட்டில் நாமே கொடுக்கலாமா?

முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் சிகிச்சை பெற வருவோர் அண்மைக் காலமாக எங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். "டாக்டர், வெந்நீரில் உட்கார்ந்தால் வலி குறைகிறது. வீட்டிலேயே ஒரு ஹாட் டப் வாங்கி வைக்கலாம் என்றிருக்கிறேன். வயரிங்கை நானே செய்துவிடுவேன். தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில்தானே இருக்கிறேன்?"

மணிமங்கலத்தில் இக்கேள்வி எழுவதில் வியப்பில்லை. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் பேருந்தேறிச் செல்லும் கைகள் மின்சாரத்தை நன்கறிந்த கைகள். ஆகவே எங்கள் விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். தொட்டியைத் தேர்ந்தெடுத்தல், இடம் அமைத்தல், பராமரித்தல் ஆகியவற்றை நீங்களே செய்யலாம். அதற்கான புதிய மின்தடத்தையும், எர்த் எனப்படும் நில இணைப்பையும் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் திறமையில் ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. காரணத்தைக் கீழே விளக்குகிறோம்.

நனைந்த உடலின் இயல்பு

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நீரில் ஊறிய தோலுக்கு அந்த ஆற்றல் பெரும்பாலும் போய்விடுகிறது. அப்போது உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம், சில வேளைகளில் அதற்கும் குறைவு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எனவே நனைந்த உடலில் 230 மில்லி ஆம்பியர் வரை பாயக்கூடும்.

இந்த எண்ணின் பொருள் என்ன? 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் இலேசான கூச்சம் தெரியும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், பற்றிய கம்பியை மனிதர் தாமாக விட்டுவிடக்கூடிய எல்லையை ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதைக் கடந்தால் தசைகள் இறுகிவிடும், கை விடாது. சுமார் 30 மில்லி ஆம்பியர் அளவில் மூச்சுத் தசைகள் முடங்கக்கூடும். 100 மில்லி ஆம்பியர் அளவில் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிதுடித்து, இரத்த ஓட்டமே நின்றுவிடலாம்.

தொட்டியில் இன்னொரு இடரும் உண்டு. தரையில் நிற்பவரைக் கொல்லாத சிறு மின்னோட்டம்கூட, நீரில் இருப்பவரின் தசைகளை முடக்கி அவரை மூழ்கச் செய்துவிடும்.

எம்.சி.பி. யாரைக் காக்கிறது?

"எம்.சி.பி. போட்டிருக்கிறேன், ஷாக் அடித்தால் விழுந்துவிடும்" என்று பலரும் நம்புகின்றனர். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லி ஆம்பியர் வரை தாராளமாக அனுமதிப்பது. உயிரைப் பறிக்கும் 230 மில்லி ஆம்பியர் அதன் கணக்கில் மிகச் சிறிய சுமை. எம்.சி.பி. கம்பி உருகி வீடு தீப்பற்றாமல் காப்பது. மனிதரைக் காப்பது அதன் வேலையன்று.

மனிதரைக் காக்கவே மின்கசிவு துண்டிப்பான் உருவாயிற்று. கடைகளில் இதனை ஆர்.சி.சி.பி. என்பர். பேஸ் வழியே சென்ற மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்புகிறதா என்று இக்கருவி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது வேறெங்கோ கசிகிறது என உணர்ந்து நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். டால்சியல் 1961ஆம் ஆண்டில் இவ்வகைக் கருவியொன்றை வடிவமைத்தார். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குக. 100, 300 மில்லி ஆம்பியர் கருவிகளும் விற்கின்றன. அவை உயிர்காக்கப் போதா.

தொட்டி சூடாகிறது என்பது சோதனையாகாது

இக்கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்றெனில், அது இதுதான்: தவறாக இணைக்கப்பட்ட தொட்டியும், சரியாக இணைக்கப்பட்ட தொட்டியைப் போலவே நீரைச் சூடாக்கும். எர்த் கம்பி இல்லாவிட்டாலும் ஹீட்டர் சுடும்; பம்பு சுழலும்; விளக்கு எரியும். குறை எந்த அறிகுறியும் காட்டாது.

இதை நாங்கள் நாள்தோறும் வேறொரு வடிவில் காண்கிறோம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர், "எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். அளந்து பார்த்தால்தான் தெரியும். மின் இணைப்பும் அப்படியே. எங்கள் மருத்துவக் குழுவில் ஒருவருடைய வீட்டில் கீசர் பல ஆண்டுகள் பழுதின்றி இயங்கியது. ஒருநாள் குழாயைத் திறந்த அவருடைய தாயார் விரலில் "சுர்ரென்கிறது" என்றார். மின்பணியாளர் வந்து சாக்கெட்டைக் கழற்றியபோது, எர்த் முனையில் கம்பியே இல்லை. மருத்துவர் வீட்டிலும் யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

இதனினும் கொடிய பழக்கம் ஒன்று உண்டு. எர்த் இல்லாத இடத்தில், சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்குச் சிறு துண்டுக் கம்பியை இழுத்துவிடுவது. டெஸ்டரில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் நியூட்ரல் எங்கேனும் அறுந்துவிட்டால், தொட்டியின் உலோகப் பாகங்கள் முழுவதிலும் 230 வோல்ட் ஏறிவிடும்.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. எனினும் அப்பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கும். எர்த் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. எர்த் இல்லாத வீட்டில், கசியும் மின்சாரம் நிலத்தை அடைய மனித உடலே முதல் வழியாகிவிடக்கூடும். எனவே இரண்டும் தேவை. எர்த்தின் மின்தடையைக் கருவியால் அளந்து, எண்ணாக எழுதிப் பெற வேண்டும்.

தொழிற்சாலையில் இருப்பது, வீட்டில் இல்லாதது

தொழிற்சாலையில் நீங்கள் தனியாக வேலை செய்வதில்லை. பணி அனுமதிச் சீட்டு உண்டு. சுவிட்சைப் பூட்டிப் பெயர்ச்சீட்டு மாட்டிய பின்னரே கை வைப்பீர்கள். அருகில் இன்னொருவர் நிற்பார். முடித்த வேலையை வேறொருவர் அளந்து ஒப்பமிடுவார். அங்கே உங்களைக் காப்பது உங்கள் திறமையோடு இந்த ஒழுங்கும் சேர்ந்துதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வீட்டு மாடியில் தனியாக வேலை செய்கையில் திறமை மட்டுமே உடனிருக்கும், ஒழுங்கு இராது. மெயின் சுவிட்சை அணைத்த பின்னும் இன்வெர்ட்டர் வழியே சில கம்பிகளில் மின்சாரம் இருக்கும் என்பதை எச்சரிக்க அங்கே எவரும் இல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை இணைப்பின் திறனோ தன்மையோ மாறாமல் மாற்றிக்கொள்வதற்குத் தடையில்லை. அதற்கு மேற்பட்ட மின்னமைப்புப் பணியை, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்தல் வேண்டும். தொட்டிக்குப் புதிய தடம் இழுப்பது இரண்டாம் வகை. 3 கிலோவாட் ஹீட்டர் மட்டுமே 13 ஆம்பியர் எடுக்கும். பம்பும் சேர்ந்தால் சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டின் எல்லையைத் தாண்டிவிடலாம். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் செய்யத்தக்கவை, கேட்டுப் பெறத்தக்கவை

நீங்களே செய்யத்தக்கவை: தொட்டிக்குச் சமதளமான, வழுக்காத இடம் அமைத்தல், நீர் வடியும் வழி செய்தல், வடிகட்டியைத் தூய்மை செய்தல் (மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னர்), ஆர்.சி.சி.பி. பொத்தானைச் சோதித்தல். காற்றடைத்து வைக்கும் சிறு தொட்டிகள் சிலவற்றில் பிளக்கிலேயே மின்கசிவு துண்டிப்பான் இருக்கும். அதையும் எர்த் அளந்து பார்த்த சாக்கெட்டில் மட்டுமே செருகவேண்டும். நீட்டிப்புப் பெட்டி வேண்டாம்.

மின்பணியாளரிடம் கேட்டுப் பெறத்தக்கவை:

தொட்டிக்கு மட்டுமான தனித் தடம், சுமைக்கேற்ற பருமனுள்ள கம்பி, தனி எம்.சி.பி.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

தொட்டிக்குள் இருப்பவரின் கைக்கு எட்டாத, ஆனால் அருகில் இருப்பவர் உடனே அணைக்கக்கூடிய சுவிட்ச்.

நோயாளி பற்றி எழுவதற்காகப் பொருத்திய இரும்புக் கைப்பிடிகள், அருகிலுள்ள உலோகக் குழாய்கள் ஆகியவற்றையும் எர்த்துடன் இணைத்தல். துணையாகப் பொருத்திய கைப்பிடியே ஆபத்தாகிவிடக் கூடாது.

அளவீடுகளை எழுதிய, ஒப்பமிட்ட தாள். மழைக்காலத்தில் சுவர் ஊறும் வீடுகளில் ஆண்டுதோறும் மறுபடியும் அளத்தல் நன்று.

நீரில் இறங்குமுன்

இத்தனை ஏற்பாடும் தேவைதானா என்று முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு வெந்நீர் ஒத்தடமும் உடற்பயிற்சியுமே போதுமானவை. தொட்டிதான் வேண்டும் எனில், நீர் 40 டிகிரி செல்சியசைத் தாண்ட வேண்டாம். ஒருமுறைக்குப் பதினைந்து நிமிடம் போதும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. வெப்பநிலைமானி கொண்டு பார்த்தே இறங்க வேண்டும். கர்ப்பிணிகள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் மருத்துவரின் அனுமதியின்றி இறங்கக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோர் எழும்போது தலைசுற்றி விழக்கூடும்; ஒருவர் அருகில் இருத்தல் நலம். வலிப்பு நோயுள்ளவர் தனியே இறங்கவே கூடாது.

விபத்து நேர்ந்தால்

நீருக்குள் கை விடாதீர்கள். தவிப்பில் கை நீட்டி, காப்பாற்றப் போனவரும் வீழும் நிகழ்வு இப்படித்தான் நேர்கிறது. முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்; இன்வெர்ட்டர் இருப்பின் அதையும் அணையுங்கள். பின்னர் நோயாளியை வெளியே தூக்கிச் சமதளத்தில் கிடத்துங்கள். 108ஐ அழையுங்கள். அவர் உணர்வின்றி, இயல்பான மூச்சின்றி இருந்தால் மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அமிழுமாறு அழுத்துங்கள். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்திற்கு 2 முறை மூச்சும் ஊதவேண்டும். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். தொட்டியில் மின்தாக்குதலுக்கு உள்ளானவர் எழுந்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை" என்றாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இதயத் துடிப்பை இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்றே செய்யத்தக்கது

வெந்நீர்த் தொட்டி வாங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இப்பாடம் பொருந்தும். கீசரோ ஹீட்டர் ராடோ இன்று பல வீடுகளில் உண்டு. ஆகவே மூன்று கேள்விகளுக்கு இன்றே விடை தேடுங்கள். நம் வீட்டு மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? அதன் பொத்தானைக் கடைசியாக எப்போது அழுத்திப் பார்த்தோம்? குளியலறை சாக்கெட்டின் எர்த்தை யாரேனும் அளந்து எண்ணாகச் சொல்லியிருக்கிறார்களா? மூன்றாம் கேள்விக்கு விடை தெரியவில்லை எனில், தொட்டி வாங்குவதற்கு முன் மின்பணியாளரை ஒருமுறை அழையுங்கள். வலி தீர இறங்கும் நீர் உங்களுக்கு ஆறுதலை மட்டுமே தருவதாக அமையட்டும்.