கண்ணில் தைக்கும் நுண்மயிர்

கண் சிவந்தால் முதலில் அதன் காரணத்தை அறிதல் வேண்டும். இதற்கு மேலைநாட்டு நிகழ்ச்சியொன்று நல்ல சான்றாகும்.

டரான்டுலா என்னும் பெருஞ்சிலந்தியைக் கண்ணாடித் தொட்டியிலிட்டு வளர்ப்போர் அந்நாடுகளில் உளர். அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட அதன் இனங்கள் பலவற்றின் வயிற்றின் மேற்புறத்தில் முள் பொருந்திய நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். அச்சம் நேர்ந்தால் சிலந்தி அவற்றைப் பின்னங்கால்களால் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும்.

2009-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், 29 வயதுடைய ஒருவர் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பொறுக்காமல் மூன்று வாரம் வருந்தினார். சாதாரணக் கண்ணோய் எனக் கருதி இட்ட மருந்து பயன் தரவில்லை. மருத்துவர்கள் கருவியால் பெருக்கி நோக்கியபோது, கருவிழியில் மயிர்கள் தைத்திருக்கக் கண்டனர். சிலந்தித் தொட்டியைத் துடைக்கையில் மயிர்த்திரள் முகத்தில் பட்டதை அதன் பின்னரே அவர் கூறினார். அம்மயிர்கள் இடுக்கியாலும் எடுக்க முடியாதவை. அழற்சி தணிக்கும் சொட்டு மருந்தே உதவிற்று. ஆயினும் பல மாதங்கள் சென்ற பின்னும் சிறு தொல்லை எஞ்சியிருந்தது.

நிலக்கடலையிலும் முருங்கையிலும் நாம் காணும் கம்பளிப்புழுக்களின் மயிரும் கண்ணில் பட்டால் இத்தகைய ஊறு விளைவிக்கக்கூடும். கண்ணைக் கசக்குந்தோறும் மயிர் மேலும் உட்செல்லும். ஆகவே அங்கத்தினர்கள் கசக்காமல் தூய நீரால் கண்ணைக் கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரை அடைந்து, நேர்ந்ததைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். தாமாகச் சொட்டு மருந்து வாங்கி இடுதல் கூடாது. புழுக்களை அகற்றும்போது காப்புக் கண்ணாடி அணிதல் நன்று.