பள்ளி விடுமுறை ஆறு கிழமை: நூலகத்தைப் பயன்படுத்துவது எப்படி?



ஜூலை மாதம் கடைசியில் இங்கிலாந்துப் பாடசாலைகள் பூட்டப்படும். திரும்பத் திறப்பது செப்டெம்பர் தொடக்கத்தில். இடையில் ஏறக்குறைய ஆறு கிழமை. வேலை செய்பவர்கள் பிள்ளைகளைக் கடற்கரைக்கும் வேறு நாடுகளுக்கும் கூட்டிப் போவார்கள். ஹோம் ஒபிஸ் தந்த ஒற்றை அறையில், கைக்காசும் இல்லாமல் இருக்கிற நீங்கள் என்ன செய்வது? காலையில் பிள்ளை எழும்பி, "அம்மா, இண்டைக்கு எங்கை போறது?" எண்டு கேட்டால் என்ன பதில் சொல்வது?

எங்கள் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலர் இதைத்தான் சொல்லி மனம் வருந்துகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் பதில்: "லைப்ரரிக்குப் போங்கோ." காசு கேட்காத, கதவில் ஆளை மறிக்காத, ஒன்றும் வாங்காமல் நாள் முழுக்க இருக்கக்கூடிய இடம் லண்டனில் அதிகம் இல்லை. பொது நூலகம் அப்படியான ஒரு இடம்.

எங்களுக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. பிரித்தானியாவில் பொது நூலகங்களுக்கான முதற் சட்டம் 1850இல் வந்தது. இப்போது இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ளது 1964ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி நல்ல நூலக சேவையை நடத்துவது கவுன்சிலின் கடமை. லண்டனின் 32 பரோக்களுக்கும் சிட்டி ஒஃப் லண்டனுக்கும் இந்தக் கடமை உண்டு. அந்தப் பகுதியில் வசிப்பவர், வேலை செய்பவர், முழுநேரமாகப் படிப்பவர் எல்லோருக்கும் புத்தகம் இரவல் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் அறவிடக் கூடாது. நீங்கள் எந்த நாட்டவர், என்ன விசா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

பலருக்கு இன்னொரு பயம். "லைப்ரரியில் பதிஞ்சால் எங்கடை கேஸுக்கு ஏதும் வருமோ?" வராது. குடிவரவுச் சட்டம் 'பொது நிதி' என்று சொல்வது குறிப்பிட்ட சில உதவிப் பணங்களையும் வீட்டு உதவிகளையும் தான். நூலகம் அந்தப் பட்டியலில் இல்லை. நூலக அட்டை எடுப்பது உங்கள் அகதிக் கோரிக்கையைப் பாதிக்காது.

பாடம் 1: அட்டை எடுத்தல்

நூலகத்துக்குள் போய் இருந்து வாசிக்க அட்டை தேவையில்லை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவரவும் கொம்பியூட்டர் பாவிக்கவும்தான் அட்டை வேண்டும். அட்டை எடுக்கப் பெரும்பாலும் இரண்டு விடயம் கேட்பார்கள்.

1. நீங்கள் யார்? இதற்கு ஏ.ஆர்.சி. கார்ட்டைக் காட்டலாம்.

2. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? தங்குமிடம் பற்றி உங்களுக்கு வந்த கடிதம், ஜீ.பீ. அனுப்பிய கடிதம், பிள்ளையின் பாடசாலைக் கடிதம் ஆகியவற்றில் ஒன்று. உங்கள் பெயரும் விலாசமும் அதில் இருக்க வேண்டும்.

ஹோட்டலில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் சிக்கல். ஒரு தாய் எங்களிடம் சொன்ன கதை இது. முதல் நாள் போனபோது விலாசக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெட்கப்பட்டு வந்தவர், ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. மகனின் பாடசாலைக் கடிதம் அவருடைய பையிலேயே இருந்தது. அதைக் காட்டலாம் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் மொழி இல்லை. ஆகவே "இல்லை" என்று சொன்னால் உடனே திரும்பி வராதேங்கோ. "வேறு என்ன கடிதம் கொண்டுவரலாம்?" என்று கேளுங்கோ. விலாச அத்தாட்சி இல்லாதவர்களுக்குக் குறைந்த எண்ணிக்கையில் புத்தகம் கொடுக்கும் தற்காலிக அட்டையும் சில இடங்களில் உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கோ. அப்படியும் சரிவராவிட்டால், ஒரு கடிதம் எழுதித் தரும்படி ஏதாவது ஒரு அகதிகள் உதவி அமைப்பிடம் கேட்கலாம்.

நம்மவர் கூடுதலாக இருக்கும் இடங்களில் சில நூலகங்கள்: ஈஸ்ட்ஹாமில் பார்க்கிங் ரோட்டில் 2014இல் திறந்த நூலகம், வெம்பிளியில் 2013இல் திறந்த பிரெண்ட் சிவிக் சென்ரருக்குள் இருக்கும் நூலகம், இல்ஃபோர்ட்டில் ரெட்பிரிட்ஜ் மத்திய நூலகம், ரூட்டிங்கில் மிச்சம் ரோட்டில் 1902இல் இருந்து இயங்கும் நூலகம். திறக்கும் நாளும் நேரமும் இடத்துக்கு இடம் வேறுபடும். வாசல் கதவில் ஒட்டியிருக்கும். முதலில் அதைப் பாருங்கோ.

பாடம் 2: எந்த வயதுக்கு என்ன இருக்கிறது?

கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை

'ரைம் ரைம்' என்று ஒரு நிகழ்ச்சி பல நூலகங்களில் நடக்கும். தாய் தகப்பன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வட்டமாக இருப்பார்கள். நூலகர் சின்னப் பாட்டுகள் பாடுவார். இது பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது உங்கள் காதுக்கும் ஆங்கிலம் பழகும். பக்கத்தில் இருக்கும் மற்றத் தாய்மாரோடு பேச்சுக் கொடுக்கவும் முடியும். குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்கும் 'புக்ஸ்ரார்ட்' என்ற திட்டமும் 1992இல் இருந்து இருக்கிறது. உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் ஹெல்த் விசிட்டரிடம் அல்லது நூலகத்தில் விசாரியுங்கோ.

நான்கு முதல் பதினொரு வயது வரை

இந்த வயதுக்குத்தான் கோடையின் பெரிய நிகழ்ச்சி இருக்கிறது. பெயர் 'சமர் ரீடிங் சலேஞ்ச்'. தமிழில் கோடைகால வாசிப்புச் சவால் என்று சொல்லலாம். ரீடிங் ஏஜென்சி என்ற தொண்டு நிறுவனம் 1999இல் இருந்து நூலகங்களோடு சேர்ந்து இதை நாடு முழுவதும் நடத்துகிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு புதுத் தலைப்பு இருக்கும்.

இதில் சேர்வது இலவசம். விடுமுறை முடிவதற்குள் பிள்ளை ஆறு புத்தகம் வாசிப்பதுதான் வழக்கமான இலக்கு. ஒரு புத்தகம் முடிந்ததும் நூலகத்துக்குப் போய், என்ன வாசித்தேன், எது பிடித்தது என்று நூலகரிடம் இரண்டு வசனம் சொல்ல வேண்டும். ஸ்ரிக்கர் கொடுப்பார்கள். பிள்ளை அதைத் தன் மட்டையில் ஒட்டும். எல்லாம் முடிந்தால் சான்றிதழ் உண்டு. பல இடங்களில் பதக்கமும் கிடைக்கும்.

இது பரீட்சை அல்ல. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் போட்டிக்கு விடுவதும் இல்லை. புத்தகத்தைத் தெரிவது பிள்ளைதான். கதையாக இருக்கலாம், பகிடிப் புத்தகமாக இருக்கலாம், படக்கதை, உதைபந்தாட்டப் புத்தகம், காதால் கேட்கும் புத்தகம் எதுவும் சேரும். "உது சின்னப் பிள்ளையளின்ரை புத்தகம், பெரிசா எடு" என்று பறிக்க வேண்டாம். இப்போதுதான் ஆங்கிலம் பழகும் ஒன்பது வயதுப் பிள்ளை ஐந்து வயதுக்கான புத்தகத்தை முடித்தாலும் அது ஒரு முழுப் புத்தகம்தான். தமிழ்ப் புத்தகத்தைக் கணக்கில் எடுப்பீர்களா என்றும் நூலகரிடம் கேளுங்கோ.

இதில் என்ன பலன்? நீண்ட விடுமுறையில் வாசிக்காமல் இருக்கும் பிள்ளை, படித்ததில் ஒரு பகுதியை மறந்துதான் செப்டெம்பரில் வகுப்புக்குப் போகும். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு அந்த இழப்பு இன்னும் கூட. ஆறு கிழமையும் ஆங்கிலம் காதில் விழாமல் இருந்தால், தட்டுத் தடுமாறிப் பிடித்த சொற்கள் நழுவிவிடும். இன்னொன்றையும் யோசியுங்கோ. உங்கள் பிள்ளை டொக்டரிடமும் அலுவலகங்களிலும் உங்களுக்காகப் பேசிக் களைத்த பிள்ளையாக இருக்கலாம். நூலகத்தில் தனக்காக, தனக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசட்டும்.

பன்னிரண்டு வயதுக்கு மேல்

இந்த வயதினர் பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வரமாட்டார்கள். அவர்களையும் இழுக்க வழி உண்டு. சின்னப் பிள்ளைகளின் வாசிப்புச் சவாலுக்கு உதவி செய்ய, பல நூலகங்கள் இளம் தொண்டர்களைச் சேர்க்கின்றன. ஸ்ரிக்கர் கொடுப்பது, புத்தகம் தெரிய உதவுவது போன்ற வேலைகள். வயதெல்லையை நூலகத்தில் கேளுங்கோ. பிறகு கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவத்தை எழுதலாம்.

பெரியவர்கள்

ஆங்கில உரையாடல் வகுப்பு, கொம்பியூட்டர் பழக்கும் வகுப்பு, வாசகர் வட்டம், பின்னல் வேலைக் குழு என்று இடத்துக்கு இடம் வேறுபட்ட நிகழ்ச்சிகள் இருக்கும். அறிவித்தல் பலகையைப் பாருங்கோ. உரையாடல் வகுப்பில் பிழையாகப் பேசினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். எல்லோரும் பிழையாகப் பேசத்தான் வந்திருக்கிறார்கள்.

வயது போனவர்களை மறக்க வேண்டாம். தமிழர் வாழும் பகுதிகளின் சில நூலகங்களில் தமிழ்ப் புத்தக அலுமாரி இருக்கிறது. இல்லாவிட்டால் கொம்பியூட்டரில் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் திறந்து கொடுங்கோ. 2005இல் தொடங்கிய இந்த முயற்சி, ஈழத்துப் புத்தகங்களையும் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. ஊரில் வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பர் பார்த்த ஒரு அப்பாவுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

பாடம் 3: பாடமாக்க வேண்டிய வசனங்கள்

வீட்டில் சத்தமாக ஐந்து தரம் சொல்லிப் பாருங்கோ.

"ஐ வுட் லைக் ரு ஜொயின் த லைப்ரரி, ப்ளீஸ்." நான் நூலகத்தில் அங்கத்தவராகச் சேர விரும்புகிறேன்.

"இஸ் இற் ஃப்றீ?" இது இலவசமா?

"மை சைல்ட் வோண்ட்ஸ் ரு டூ த சமர் ரீடிங் சலேஞ்ச்." என் பிள்ளை வாசிப்புச் சவாலில் சேர விரும்புகிறது.

"வென் டூ ஐ பிறிங் இற் பாக்?" இதை எப்போது திருப்பிக் கொண்டுவர வேண்டும்?

"குட் யூ ரைற் இற் டவுன், ப்ளீஸ்?" தயவுசெய்து எழுதித் தருவீர்களா?

கடைசி வசனம் மிக முக்கியம். விளங்காத நேரத்தில் தலையாட்டிவிட்டு வருவதை விட, எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் பிறகு யாரிடமாவது காட்டி விளங்கிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

• இரவல் காலம் பெரும்பாலும் மூன்று கிழமை. முடியாவிட்டால் நாளை நீடிக்கலாம். பிந்தினால் சில கவுன்சில்கள் தண்டம் அறவிடும், சில அறவிடாது. தொலைத்தால் காசு கேட்பார்கள். ஒளிக்காமல் போய்ச் சொல்லுங்கோ, பேசித் தீர்க்கலாம்.

• சின்னப் பிள்ளைகளை நூலகத்தில் தனியே விட்டுவிட்டு வர வேண்டாம். எந்த வயதுவரை பெரியவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்டறியுங்கோ.

• பொதுக் கொம்பியூட்டரில் ஈமெயில் பார்த்தால் வெளியேறிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். உங்கள் கேஸ் பேப்பரை அச்செடுத்தால் ஒரு தாளும் மெசினில் விடாமல் எடுங்கோ. அச்செடுக்கக் காசு உண்டு. முதலில் விலையைக் கேளுங்கோ.

• நூலகரிடம் கேஸ் பற்றி ஆலோசனை கேட்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதி பெறாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். அவர் மறுத்தால் கோபிக்க வேண்டாம். அது சொலிசிட்டரின் வேலை.

• அகதிக் கோரிக்கை முடியும்வரை பொதுவாக உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் தொண்டு நிறுவனத்திலோ அரச, கவுன்சில் சேவையிலோ சம்பளமில்லாமல் தொண்டராக உதவலாம். உண்மையில் செலவான பஸ் காசு, சாப்பாட்டுக் காசு தவிர வேறு பணமோ பொருளோ வாங்க வேண்டாம். தொடங்க முன் சொலிசிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கோ.

• ஹோம் ஒபிஸ் உங்களைத் திடீரென்று வேறு நகரத்துக்கு மாற்றினால், பெட்டி கட்ட முன் இரவல் புத்தகங்களைத் திருப்பிக் கொடுங்கோ. பிள்ளையின் ஸ்ரிக்கர் மட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கோ. நாடு முழுவதும் நூலகங்களில் நடக்கும் திட்டம் இது. புது ஊர் நூலகத்தில் மட்டையைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்று கேளுங்கோ. வீடு மாறி, பாடசாலை மாறி, சிநேகிதரையும் விட்டு வந்த பிள்ளைக்கு அறுபடாமல் தொடர்வது ஒன்றாவது இருக்கட்டும்.

இந்தக் கிழமைப் பயிற்சி

முதல் நாள்: உங்களுக்குக் கிட்ட உள்ள நூலகம் எது என்று கண்டுபிடித்து நடந்து போய்ப் பாருங்கோ. ஒன்றும் கேட்க வேண்டாம். சும்மா இருந்துவிட்டு வாங்கோ. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு லண்டன் பஸ்ஸில் காசு இல்லை என்பதையும் ஞாபகம் வைத்திருங்கோ.

இரண்டாம் நாள்: கடிதங்களைத் தேடி எடுத்து ஒரு பையில் வையுங்கோ. முதல் வசனத்தைப் பாடமாக்குங்கோ.

மூன்றாம் நாள்: போய்ச் சொல்லுங்கோ. அட்டையோடு வாங்கோ.

முடிக்க முன் ஒரு விடயம். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. நூலகம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கூச்சத்தை விட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கோ.