சென்சாரை மாற்றியும் விளக்கு அணையவில்லை

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். ஹெப்பகோடியிலிருந்து ஓசூர் ரோடு வழியாக தினமும் சில்க் போர்டு வரை போய்வருகிறேன். செக் என்ஜின் விளக்கு எரிந்ததால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பி0171 என்ற கோடு வந்தது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். சில நாளிலேயே மறுபடி எரிகிறது. ஸ்கேனர் தப்பாகக் காட்டுமா? வண்டியை விற்றுவிடலாமா?

– வாசகர், ஹெப்பகோடி

பதில்: விற்காதீர்கள். ஸ்கேனர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பி0171 என்றால், எரிகிற கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சார்தான். பெரும்பாலும் தகவல் சொன்னவரை மாற்றிவிட்டு, கோளாறை அப்படியே விட்டிருக்கிறார்கள். எந்தப் பார்ட்டைக் கழற்ற வேண்டும் என்று கோடு ஒருபோதும் சொல்லாது. இது புரியாமல் பழைய கார்க்காரர்கள் பணத்தை இழப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோளாறை வண்டியே கண்டறியும் ஓபிடி-2 முறை இந்தியாவில் கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதனால் உங்கள் வண்டியில் சாதாரண ஸ்கேனரே நேரடி அளவுகளைக் காட்டும். அதில் 'ஃப்யூல் ட்ரிம்' என்ற எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் தானாக எவ்வளவு கூடுதல் பெட்ரோல் ஊற்றுகிறது என்பதன் கணக்கு அது. வண்டி சூடேறிய பிறகு ஐட்லிங்கில் +20, +25 சதவீதம் என்று இருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் சட்டென்று இறங்கினால், எங்கோ காற்று உள்ளே கசிகிறது. வேக்யூம் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கெட் இரண்டையும் பாருங்கள். இத்தனை வருட என்ஜின் சூட்டில் ரப்பர் காய்ந்து, மடிப்பில் வெடித்திருக்கும். வெளியே தெரியாது, வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். புகை செலுத்திப் பார்த்தால் இன்னும் நிச்சயம்.

மாறாக, மேடு ஏறும்போது எண் கூடினால் பெட்ரோல் பம்பும் ஃபில்டரும்தான் சந்தேகம். அப்போது ப்ரஷரை அளக்காமல் பம்பை மாற்ற விடாதீர்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் பைப்பில் ஓட்டை இருந்தாலும் இதே கோடு வரும்.

பேட்டரியையும் எர்த் வயரையும் பார்த்துவிடுங்கள். என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வோல்ட் குறைந்தால் நல்ல சென்சாரும் தப்பான அளவு காட்டும்.

முக்கியமாக, ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் அந்தக் கோடை அழிக்க விடாதீர்கள். கோளாறு பதிவான நொடியில் இருந்த வேகம், சூடு, ஆர்பிஎம் எல்லாம் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று உள்ளே சேமித்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் முடிந்து, ட்ரிம் பத்து சதவீதத்துக்குள் வந்த பிறகு அழித்தால் போதும்.