அறுபதுக்கும் ஒரு மேசை உண்டு

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெரியம்மாவும் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது உன் சிவந்த முகம். என் கண்ணில் பட்டது உன் தோள். அந்த நரைத்த மனிதர் உன் கையை மடக்கியதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கை கீழே போகிறது என்று தெரிந்ததும் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, உடம்பையும் கூடவே திருப்பி, கையை மட்டும் பின்னால் விட்டுவிட்டாயே, அதைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. போனில் சொன்னால் 'சரி பெரியப்பா, சரி பெரியப்பா' என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ஐம்பது தாண்டிய ஆளிடம் தோற்றதைக் கேவலம் என்று சொல்லியிருக்கிறாய். ஓட்டப்பந்தயத்தில் அப்படித் தோற்றால் நீ வெட்கப்படலாம். கை மடக்கும் பஞ்சாவில் நரைத்த தலையைக் கண்டால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஜான் பிர்செங்க் பேரை நீ கேள்விப்பட்டிருப்பாய். 1964-ல் பிறந்த அமெரிக்கர். ஸ்டாலோன் நடித்த 'ஓவர் தி டாப்' படத்தை ஒட்டி 1986-ல் லாஸ் வேகஸில் நடந்த போட்டியில் லாரி ஓட்டுநர் பிரிவில் ஜெயித்து, ஒரு பெரிய டிரக்கையே பரிசாக வாங்கியவர். அப்போது அவருக்கு 22 வயது, ஏறக்குறைய உன் வயது. விமான நிறுவனம் ஒன்றில் மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டே, தன்னைவிட நாற்பது ஐம்பது கிலோ கூடுதலான ஆட்களை வருடக்கணக்கில் மடக்கினார். 2008-ல் கனடாவின் டெவன் லராட் அவரை வீழ்த்தியபோது பிர்செங்க் நாற்பதைத் தாண்டியிருந்தார். அதோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஐம்பதுகளின் கடைசியிலும் அவர் இஸ்தான்புல்காரர்கள் நடத்தும் 'ஈஸ்ட் வெர்சஸ் வெஸ்ட்' மேடையில், பிள்ளை வயதுக்காரர்களோடு கை கோத்து நின்றார்.

உனக்கு எது வேண்டும் என்று கேட்டால் 1986-ன் டிரக் என்பாய். எனக்கு அந்த மனிதர் இத்தனை வருடம் முழங்கையைக் காப்பாற்றி வைத்திருந்ததுதான் பெரிது. அவர் ஒரே பாணியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. விரலைத் திறந்து இழுக்கும் டாப் ரோல், மணிக்கட்டை உள்ளே மடக்கும் ஹூக், தோளால் அழுத்தும் பிரஸ் என்று எதிராளிக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் அந்த இடம்தான் முதலில் தேயும். உனக்கு ஹூக் மட்டும்தான் தெரியும். அதனால்தான் நீ சொல்கிற வலியும் உள்முழங்கையில் மட்டும் வருகிறது.

வயதானால் பலம் போகாது என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஜூனில் துபாயில் லராட் 47 வயதில் ஜார்ஜியாவின் லெவான் சகினாஷ்விலியோடு மோதினார். ஆறுக்குப் பூஜ்யம். ஒரு சுற்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த மலையின் முன்னால் எந்த அனுபவமும் உதவவில்லை. ஆனால் இரண்டு முழங்கையிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, அந்த வயதில், அந்த மேசை வரைக்கும் ஒருவர் வந்து நின்றாரே, அதையும் பார்.

வயதானால் எது போகிறது, எது நிற்கிறது என்பதை உன் அக்காதான் எனக்கு விளக்கினாள். பிசியோதெரபி படித்த பிள்ளை. வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் வயதாக ஆக முதலில் குறைகின்றன. அதனால் நடுவர் 'கோ' சொன்னதும் அடிக்கும் அந்த முதல் அடி மந்தமாகும். பிடித்து நிறுத்தும் பலம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. வீடியோவை அதை மனதில் வைத்து இன்னொரு தரம் பார். நீ அடித்த வேகத்தில் அவர் கை பாதி தூரம் போகிறது. அங்கே நின்றுவிடுகிறது. அவர் உன்னைத் தள்ளவே இல்லை. கையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, பாரம் முழுவதையும் உன் விரல் நுனிக்குக் கொண்டுபோகிறார். உன் மணிக்கட்டு மெல்லத் திறக்கிறது. அதற்குப் பிறகு உன் கையில் எத்தனை பலம் இருந்தென்ன, அதைச் செலுத்த இடமில்லை. வயசாளிகள் பலர் இருவர் கையையும் சேர்த்து ஸ்ட்ராப் கட்டி இழுப்பதை விரும்புவதற்கும் இதே காரணம். கை நழுவித் தப்பிக்க வழி இல்லை, முதல் அடியில் முடிக்கவும் அவசரமில்லை.

அந்த நிறுத்தும் பலம் எங்கே இருக்கிறது? பலம் தசையுடையதுதான், ஆனால் அதைத் தாங்கி எலும்புக்குக் கொண்டுசேர்ப்பது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். அக்கா சொன்ன ஒரு ஆராய்ச்சி என்னை அசரவைத்தது. 1955க்கும் 1963க்கும் நடுவில் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்காகி, செடிகொடி வழியாக, சாப்பாடு வழியாக மனுஷ உடம்புக்குள்ளும் புகுந்தது. கோபன்ஹேகனில் சிலர் அதையே கடிகாரமாக வைத்து, குதிகால் தசைநாணின் உட்பகுதி எந்த வருடத்தில் உண்டானது என்று கணக்குப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளிவந்தது. உடம்பு வளர்ந்து முடிகிற 17 வயது வாக்கில் உருவானதோடு சரி, அதற்குப் பிறகு அது அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. தசையோ தொடர்ந்து புதுப்பித்துக்கொள்கிறது. அவர்கள் பார்த்தது குதிகால், முழங்கை இல்லை. இருந்தாலும் எனக்கு அது போதும். உனக்கு வாய்த்த தசைநாணில் பெரும்பகுதி பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் கிடைத்ததுதான். பயிற்சியால் அது கெட்டிப்படும், ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில். உன் புஜம் மூன்று மாதத்தில் சட்டையைக் கிழிக்கிற அளவு வளர்ந்துவிடும். தசைநாண் அந்த ஓட்டத்துக்கு வராது. இந்த இடைவெளியில்தான் உன் வயசுப் பையன்கள் விழுகிறார்கள்.

ஜிம்மில் யாரோ தசை வளர ஊசி போடச் சொன்னதாக உன் அம்மா சொன்னாள். வேண்டாம். அந்த மருந்து தசையை இன்னும் வேகமாகத் தூக்கிவிடும், இடைவெளி இன்னும் பெரிதாகும். இருதயத்துக்கு அது செய்வது தனிக் கதை. வலிக்கு முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு அடுத்த வாரமே மேசைக்குப் போவதும் வேண்டாம். சில வாரம் சுகமாக இருக்கும், பிறகு முன்னைவிட மோசமாகும். வலி மாத்திரை போட்டுவிட்டு இழுக்கிறவனைப் பற்றி எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை.

இனி தோள். மேல்கை எலும்பு நேராக வருகிற பாரத்தைத் தாங்கும், முறுக்கினால் தாங்காது. நீ உடம்பைத் திருப்பிவிட்டுக் கையைப் பின்னால் விட்டால், கீழே முன்கை ஒரு பக்கம், மேலே தோள் இன்னொரு பக்கம். நடுவில் எலும்பு, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கப்படுகிறது. முழங்கைக்குக் கொஞ்சம் மேலே சுருளாகப் பிளந்துவிடும். சத்தம் மேசையைச் சுற்றி நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். அந்த இடத்தை ஒட்டித்தான் மணிக்கட்டைத் தூக்குகிற நரம்பு ஓடுகிறது. அதற்கும் அடி பட்டால் கை மாதக்கணக்கில் தொங்கிப்போய்க் கிடக்கும். பள்ளிக்கூடப் பையன்களுக்கு வேறு மாதிரி. முழங்கையின் உள்பக்க எலும்புத் துண்டு தசையோடு சேர்ந்து பிய்ந்து வரும்.

தடுக்கிற வழி சின்னது. உன் கண் எப்போதும் உன் முஷ்டியிலேயே இருக்கட்டும். முஷ்டியைப் பார்க்கிறவனுக்குத் தோள் தானாக அதன் நேரே வரும். கை போகிறது என்று தெரிந்தால் அதோடு சேர்ந்து உடம்பும் போகட்டும். நடுவர் தோளைச் சரிபண்ணச் சொன்னால் முறைக்காதே. பிடியை விட்டுக் கொடுப்பதற்கும் பயிற்சி வேண்டும், அதை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கல்யாண வீட்டில், டீக்கடையில், பிளாஸ்டிக் மேசையில் பந்தயம் கட்டாதே. உனக்கு ஒன்றும் ஆகாது. பழக்கமில்லாதவன்தான் தோளைத் திருப்புவான், பெரும்பாலும் ஒடிவது அவன் கைதான். அப்புறம் நம் குடும்பம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலை குனிந்து நிற்க வேண்டும்.

பயிற்சிக்கு வருகிறேன். ஆள் வைத்து மேசையில் முழு மூச்சாக இழுப்பது வாரத்துக்கு ஒரு நாள் போதும். மற்ற நாளில் ரப்பர் பேண்டும் கயிறு மாட்டிய கப்பியும். எடை குறைவாக, எண்ணிக்கை கூடுதலாக, அவசரமில்லாமல். பாரத்தைப் பிடித்து அசையாமல் அரை நிமிடம் நிறுத்திப் பழகு. மடக்குகிற தசைக்குச் செய்வதில் பாதியாவது விரிக்கிற தசைக்கும் செய். விரல்களில் ரப்பர் வளையம் மாட்டி விரித்தால் போதும், பஸ்ஸில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். அளவு தெரியவில்லையென்றால் மறுநாள் காலையில் குளியலறையில் நிறைந்த வாளியைத் தூக்கிப் பார். உள்முழங்கை சுருக்கென்றால் அன்றைக்கு விடுமுறை. மூன்று வாரமாகக் காலையில் வலிக்கிறது என்கிறாய். அதற்குப் பேர் பயிற்சி இல்லை.

டாப் ரோலை இப்போதே ஆரம்பித்துவிடு. ஆறு மாதம் எல்லோரிடமும் தோற்பாய். பரவாயில்லை. வீடியோவில் பார்த்த அந்த மனிதரைத் தேடிப்போய், மரியாதையாக 'சார், சொல்லித்தாங்க' என்று கேள். இந்த விளையாட்டுக்காரர்கள் ஜெயித்த அரைமணி நேரத்தில் எதிராளிக்கே சூத்திரத்தைச் சொல்லித்தருகிற தாராள மனசுக்காரர்கள்.

அவசரம் எதற்கென்றுதான் எனக்குப் புரியவில்லை. தொலைக்காட்சியில் புரோ பஞ்சா லீக் வந்ததிலிருந்து உங்களுக்கெல்லாம் 25க்குள் பேர் வாங்கிவிட வேண்டும் என்றாகிவிட்டது. உலகக் கூட்டமைப்பின் போட்டிகளில் 40 தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ், 50 தாண்டியவர்களுக்கு கிராண்ட் மாஸ்டர்ஸ், 60க்கு மேல் சீனியர் கிராண்ட் மாஸ்டர்ஸ் என்று தனித்தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். உனக்கு முன்னால் இன்னும் நாற்பது வருட மேசை கிடக்கிறது.

அடுத்த மாதப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள். கட்டிய பணம் போனால் நான் தருகிறேன். இந்த வாரமே எலும்பு டாக்டரைப் பார்த்து முழங்கையைக் காட்டிவிட்டு, அவர் சொன்னதை அப்படியே அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல். என்னிடம் நீ பாதியை மறைப்பாய், அவளிடம் முடியாது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது ரப்பர் பேண்டை எடுத்துவா, கப்பியைப் பின்கட்டில் நான் மாட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா